இடுப்புத் தளத் தசைகளுக்கான பிசியோதெரபி: முதல் நாளில் என்னென்ன நடக்கும்?

கேள்வி: பவானிக்கரைப் பெண்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34, இரண்டு குழந்தைகள். மூத்தவள் சுகப்பிரசவத்தில் பிறந்தாள். இளையவனை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். தையலும் சற்று அதிகம். அவனுக்கு இப்போது பத்து மாதம் நடக்கிறது. இருமினாலும் தும்மினாலும், தண்ணீர்க் குடத்தையோ குழந்தையையோ சட்டென்று தூக்கினாலும் சிறுநீர் கசிந்துவிடுகிறது. நெடுநேரம் நின்று வேலை செய்த நாள்களில், மாலையானால் அடிப்பகுதியில் ஏதோ கனமாக இறங்கி நிற்பதைப் போன்ற உணர்வும் இருக்கிறது. வெளியூர்ப் பயணம் என்றாலே நாப்கினை எடுத்து வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

மகப்பேறு மருத்துவரிடம் காட்டினேன். சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று எதுவும் இல்லை. உள்ளே பரிசோதித்துவிட்டு, கருப்பை லேசாக இறங்கியிருக்கிறது, முதல் நிலைதான், இப்போதைக்கு அறுவைச் சிகிச்சை தேவையில்லை என்று சொல்லி, இடுப்புத் தளத் தசைகளுக்கு பிசியோதெரபி எடுத்துக்கொள்ளும்படி சீட்டில் எழுதிக் கொடுத்தார். வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருக்கும்போது, அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முழங்கால் வலிக்கும் தோள்பட்டை வலிக்கும் கரண்ட் வைப்பார்கள் என்பதுதான் பிசியோதெரபியைப் பற்றி எனக்குத் தெரிந்தது. இதற்கும் அப்படித்தானா? உடையைக் களைய வேண்டியிருக்குமா? உள்பரிசோதனை கட்டாயமா, வலிக்குமா? குறித்துக் கொடுத்த தேதியில் மாதவிடாய் வந்துவிட்டால் என்ன செய்வது? எத்தனை நாள்களுக்குச் செல்ல வேண்டியிருக்கும்? பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், இதற்கெல்லாம் ஒரு வைத்தியமா என்று மாமியார் கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்லும் அளவுக்காவது எனக்கு விவரம் தெரிந்தால் நல்லது. சென்று வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 1: தாம்பரத்துவாசி

சகோதரி, உங்களைப் போலவே பிரசவத்துக்குப் பிறகான கசிவுக்காகச் சென்றவள் நான். அங்கே நடந்ததை முறையாக எழுதுகிறேன். இடத்துக்கு இடம் சிறிய வேறுபாடுகள் இருக்கலாம்.

முதல் சந்திப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடித்தது. அதில் பாதிக்கு மேல் பேச்சுதான். சாத்திய கதவுக்குள், உடுத்திய உடையோடு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. பிரசவங்கள் எப்படி நடந்தன, குழந்தைகளின் எடை என்ன, தையல் ஆறுவதற்கு எவ்வளவு காலமானது, இருமும்போது மட்டும் கசிகிறதா அல்லது அவசரமாக வந்து கழிப்பறையை அடைவதற்குள்ளும் கசிகிறதா, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று பிசியோதெரபிஸ்ட் ஒன்றுவிடாமல் கேட்டுக் குறித்துக்கொண்டார். மலச்சிக்கலைப் பற்றி இவ்வளவு விரிவாகக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மலத்தின் தன்மையை ஏழு வகையாகப் பிரித்துக் காட்டும் ஒரு பட அட்டையை முன்னால் வைத்து, உங்களுடையது பெரும்பாலும் எது என்று கேட்டார். பிரிஸ்டல் அட்டை என்று அதற்குப் பெயராம். நாள்தோறும் முக்கி முக்கி மலம் கழிப்பவருக்கு, கசிவுக்கான பயிற்சியை மட்டும் கொடுத்துப் பயனில்லை என்று விளக்கினார். தாம்பத்திய உறவில் வலி இருக்கிறதா என்றும் கேட்பார்கள். கூசாமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவது என்பதையே அந்தப் பதில் மாற்றிவிடக்கூடும்.

பிறகு நிற்கும் விதத்தையும் மூச்சு விடும் விதத்தையும் பார்த்தார். மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் சற்றுத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை வைத்து, வயிற்றுத் தசைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று அளந்தார். இவ்வளவும் முடிந்த பின்னரே உள்பரிசோதனைக்கு வந்தார். அதற்கு முன்பாக, இடுப்பெலும்பின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, எந்தத் தசை எங்கிருந்து எங்கே ஓடுகிறது, விரலால் எதைத் தொட்டுப் பார்க்கப் போகிறேன் என்று காட்டினார். சம்மதமா என்று கேட்டார். இன்று வேண்டாம் என்றாலும் சரி, எப்போதுமே வேண்டாம் என்றாலும் சரி, பாதியில் நிறுத்தச் சொன்னாலும் உடனே நிறுத்திவிடுவேன் என்று அவராகவே சொன்னார். நான் சம்மதித்தேன். அவர் வெளியே சென்ற பிறகு இடுப்புக்குக் கீழே உள்ள உடையை மட்டும் களைந்து, கொடுத்த விரிப்பால் போர்த்திக்கொண்டு படுத்தேன். மகப்பேறு மருத்துவர் பயன்படுத்தும் உலோகக் கருவி எதுவும் இல்லை. கையுறை அணிந்த ஒரே ஒரு விரல், நிறைய ஜெல், அவ்வளவுதான். பழைய தையலின் அருகே தொட்டபோது மட்டும் சுருக்கென்று இழுத்தது. எங்கே இழுக்கிறது, பத்துக்கு எவ்வளவு என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

கருவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடுத்தடுத்த சந்திப்புகளில் எனக்கு பயோஃபீட்பேக் வைத்தார்கள். விரல் அளவிலான ஓர் உணர்கருவியை உள்ளே வைத்துக்கொண்டு தசையை இறுக்கினால் திரையில் ஒரு கோடு மேலே ஏறும், தளர்த்தினால் கீழே இறங்கும். அது தசையின் செயல்பாட்டை அளப்பது மட்டுமே. உடம்புக்குள் மின்சாரம் எதையும் அனுப்பாது. இறுக்கும்போது கோடு மளமளவென்று ஏறிவிட்டது. தளர்த்திய பிறகும் அது முழுமையாகக் கீழே இறங்காமல் பாதியில் நின்றதைப் பார்த்தபோதுதான், தளர்த்துவதற்கும் தனியாகப் பயிற்சி தேவை என்று அவர் ஏன் சொன்னார் என்பது எனக்கு விளங்கியது.

முதல் நாளிலேயே மூன்று நாள்களுக்கான சிறுநீர்க் குறிப்பு ஒன்றை எழுதி வரச் சொல்வார்கள். எப்போது எதைக் குடித்தீர்கள், எப்போது எவ்வளவு சிறுநீர் கழித்தீர்கள், எப்போது கசிந்தது என்று எழுத வேண்டும். மில்லிலிட்டர் கோடு போட்ட பழைய பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கழிப்பறையிலேயே வைத்துவிட்டால் எளிது. அதன்மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், வீட்டில் வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது. என் குறிப்பில் பெரும்பாலும் 80, 100, 90 என்றுதான் இருந்தது. வழியில் வந்துவிடுமோ என்ற பயத்தில், வராதபோதும் எதற்கும் ஒருமுறை போய்விட்டு வருவோம் என்று சென்றுகொண்டிருந்தால் சிறுநீர்ப்பை சிறிதளவுக்கே அவசரப்படப் பழகிவிடும் என்று சொல்லி, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் பயிற்சியும் கொடுத்தார்கள்.

மாதவிடாய் வந்தாலும் செல்லலாம். உள்பரிசோதனையை மட்டும் அடுத்த முறைக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்குச் செய்ய வேறு வேலைகள் நிறையவே இருக்கும்.

பதில் 2: கணினிக்காரன்

என் மனைவிக்கும் இதே சிக்கல் இருந்தது. இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கீகல் பயிற்சியை விளக்கும் காணொளிகள் தமிழிலேயே ஏராளமாக இருக்கின்றன. நேரத்துக்கு நினைவூட்டும் செயலிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. இறுக்க வேண்டும், தளர்த்த வேண்டும், அவ்வளவுதானே? இதற்காகக் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு, பேருந்து ஏறி, பணம் கட்டி, முன்பின் தெரியாத ஒருவரிடம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்று தோன்றுகிறது. முதலில் வீட்டிலேயே மூன்று மாதம் செய்து பார்த்துவிட்டு, சரியாகவில்லை என்றால் அப்புறம் செல்லலாமே.

பதில் 3: மகளிர்நல பிசியோ, திருச்சி

நான் பெண்களுக்கான இடுப்புத் தளச் சிகிச்சையில் பணியாற்றும் பிசியோதெரபிஸ்ட். மேலே உள்ள சகோதரி எழுதியது பெரும்பாலும் எங்கள் நடைமுறைதான். காணொளியைப் பற்றிய கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1991இல் அமெரிக்காவில் 47 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. இடுப்புத் தளத் தசையை இறுக்குவது எப்படி என்று வாய்மொழியாகச் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கருவிகளைக் கொண்டு அளந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர்தான் முறையாக இறுக்கினார்கள். கால்வாசிப் பேர் செய்த முயற்சியோ கசிவைக் கூட்டக்கூடிய விதத்திலேயே அமைந்திருந்தது. மேலே இழுக்க வேண்டிய இடத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மலம் கழிக்க முக்குவதைப் போலக் கீழ்நோக்கித் தள்ளுபவர்களை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். கருப்பை ஏற்கெனவே சற்று இறங்கியிருக்கும் ஒருவர் இதை மூன்று மாதம் சிரத்தையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948இல் இப்பயிற்சியைப் பற்றி எழுதியபோதே, தசை இறுகும் அளவை முகப்பில் காட்டும் பெரினியோமீட்டர் என்ற கருவியையும் சேர்த்தே பயன்படுத்தினார். பிற்காலத்தில் அவர் பெயர் மட்டும் நிலைத்தது. கருவியும் மேற்பார்வையும் உதிர்ந்துவிட்டன. ஒருமுறை நேரில் பரிசோதித்து, சரியான தசைதான் இயங்குகிறது என்று உறுதியான பிறகு செயலியை நினைவூட்டலுக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தசைகள் முன்புற இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியதைப் போல விரிந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றை அடியிலிருந்து தாங்குகின்றன. சிறுநீர்த் துளை, யோனி, ஆசனவாய் ஆகிய மூன்று வழிகளும் இவற்றின் ஊடாகவே செல்கின்றன. இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென்று கூடுகிறது. அந்த நொடியில் தசை தானாக இறுகிச் சிறுநீர்ப் பாதையை அடைத்துக்கொள்ள வேண்டும். பிரசவத்தில், குறிப்பாக ஆயுதம் போட்டு எடுக்கும்போது, இத்தசையோ அதற்குச் செல்லும் நரம்போ இழுபட்டிருந்தால் அந்த இறுக்கம் தாமதமாகவோ பலவீனமாகவோ வருகிறது. எனவே எங்கள் பரிசோதனையில் வலிமையை மட்டும் பார்ப்பதில்லை. வலிமைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறோம். அதோடு எத்தனை நொடி தாங்குகிறது, எத்தனை முறை திரும்பச் செய்த பிறகு சோர்கிறது, விரைவாக இறுக்கித் தளர்த்த முடிகிறதா, இருமும்போது தானாக இயங்குகிறதா, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதையும் பார்க்கிறோம். ஒருவரால் மூன்று நொடிதான் தாங்க முடிகிறது என்றால் அவருக்கு மூன்று நொடிப் பயிற்சிதான். காணொளியில் பத்து நொடி என்று சொல்கிறார்களே என்று அவர் பத்து வரை எண்ணினால், மீதி ஏழு நொடியும் தொடையும் பிட்டமும்தான் வேலை செய்துகொண்டிருக்கும்.

செய்முறையை எழுத்தில் முழுமையாகக் கற்றுக்கொடுக்க முடியாது என்றாலும் ஒரு தொடக்கம் சொல்கிறேன். முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, நாலு பேர் முன்னிலையில் வாயு பிரியாமல் அடக்குவதைப் போலப் பின்புறத்திலிருந்து இறுக்கத் தொடங்கி, அதே இறுக்கத்தை முன்புறம் வரை கொண்டு வந்து மேல்நோக்கி இழுக்க வேண்டும். மூச்சு நிற்கக் கூடாது, பிட்டம் இறுகக் கூடாது, வயிறு வெளியே தள்ளக் கூடாது. பிறகு முழுவதுமாகத் தளர்த்திவிட்டு, இறுக்கிய நேரமாவது ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் அடுத்த முறை இறுக்க வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். பை முழுமையாகக் காலியாகாமல் போக அது வழிவகுக்கும்.

இருமல், தும்மல், எடை தூக்குதல் ஆகியவற்றுக்குச் சற்று முன்பாகவே தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் உத்தி ஒன்றும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், லேசானது முதல் நடுத்தரமானது வரையான கசிவு உள்ள முதிய பெண்கள் ஒரு வார காலம் இதைப் பழகியதிலேயே இருமலின்போது கசியும் அளவு வெகுவாகக் குறைந்தது. தசை வலுப்பெற்றுவிட்டதால் நிகழ்ந்ததன்று அது. ஒரு வாரத்தில் எந்தத் தசையும் வலுப்பெறாது. சரியான நேரத்தில் இறுக்கக் கற்றுக்கொண்டதன் பயன் அது. குடத்தைத் தூக்கும் முன் மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே இறுக்கி, இறுக்கியபடியே தூக்கிப் பழகுங்கள்.

எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இருமல், தும்மலின்போது ஏற்படும் கசிவுக்கு மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியைக் குறைந்தது மூன்று மாதம் கொடுக்க வேண்டும்; ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குக் குறைந்தது எட்டு முறை இறுக்க வேண்டும். முதல் அல்லது இரண்டாம் நிலை இறக்கத்தால் தொந்தரவு உள்ளவர்களுக்குக் குறைந்தது 16 வாரம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. இதற்காக நாள்தோறும் வர வேண்டியதில்லை. தொடக்கத்தில் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும். சிகிச்சையின் பெரும்பகுதி உங்கள் வீட்டில்தான் நடக்கிறது. முதல் சில வாரங்களில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்று பலர் நின்றுவிடுகிறார்கள். எங்களுக்குப் பெரிய வருத்தம் அதுதான்.

கரண்ட் வைப்பது எல்லோருக்கும் கிடையாது. எவ்வளவு முயன்றாலும் தசையை இறுக்கவே வராதவர்களுக்கு, அதை உணர வைப்பதற்காக மெல்லிய மின்தூண்டல் கொடுப்பதுண்டு. லேசான குறுகுறுப்பு இருக்கும், வலிக்கக் கூடாது. கர்ப்பம் இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் நாளே யாரையும் பரிசோதிக்காமல் இயந்திரத்தில் படுக்க வைத்து, இருபது நிமிடம் கழித்து அனுப்பிவிடும் இடம் என்றால், அது உங்களுக்கான இடம் இல்லை என்று துணிந்து முடிவு செய்யலாம்.

தேர்ந்தெடுக்கும்போது, பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளநிலைப் பட்டம் முடித்தவரா, அதற்கு மேல் மகளிர் நலத்தில் எம்.பி.டி. என்ற முதுநிலைப் பட்டம் அல்லது இடுப்புத் தளத்துக்கான தனிப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பரிசோதனையின்போது பெண் உதவியாளரோ உங்கள் வீட்டாரோ உடன் இருக்க வேண்டும் என்றாலும் கேட்டுப் பெறலாம்.

பதில் 4: பெயர் வெளியிட விரும்பாதவர்

தசையைத் தளர்த்துவதைப் பற்றி மேலே சற்றுத் தொட்டுவிட்டுச் சென்றிருக்கிறார்கள். இறுக்கம் குறைந்திருப்பதுதான் எல்லோருக்கும் சிக்கல் என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு இருந்தது நேர்மாறானது. திருமணமான நாளிலிருந்தே உறவு கொள்ள முடியாத அளவுக்கு வலி. தசைகள் எந்நேரமும் இறுகியே இருந்தன. சிறுநீர் கழிக்கவும் சிரமமாகத் தொடங்கி, விட்டு விட்டு வரும். உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, மனத்தைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியவர்கள் உண்டு. தோழி ஒருத்தி கீகல் பயிற்சி செய்யச் சொன்னாள். அதைச் செய்தபோது வலி கூடியதே தவிரக் குறையவில்லை. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்கச் சொன்னால் அது என்ன செய்யும்?

எனக்குப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் முதல் சில சந்திப்புகளில் உள்பரிசோதனை பக்கமே போகவில்லை. வயிறு உப்பும்படி ஆழமாக மூச்சை இழுக்கும்போது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குகிறது, அதோடு சேர்ந்து இடுப்புத் தளமும் மெல்லக் கீழே இறங்கித் தளர்கிறது என்று விளக்கி, அந்த மூச்சையே பயிற்சியாகக் கொடுத்தார். குழந்தையைப் போல மல்லாந்து படுத்து இரு முழங்கால்களையும் அகட்டி மார்போடு அணைத்துக்கொள்வது, தொடையின் உட்புறத்துக்கான நீட்சி ஆகியவை அதன் பிறகு வந்தன. தொடையில் கை வைத்துப் பழகி, பிறகு வெளிப்புறம், பிறகு என் சொந்த விரல், வெகு நாள்கள் கழித்தே அவர் விரல் என்று ஒவ்வொரு படியையும் நான் சரி என்று சொன்ன பிறகே கடந்தார். டைலேட்டர் எனப்படும், மிகச் சிறியதிலிருந்து படிப்படியாகப் பெரிதாகும் மழமழப்பான குழல்களை வீட்டில் நானே பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார். வலியைப் பொறுத்துக்கொண்டு செய்வது இதில் பெருமை இல்லை. வலித்தால் ஒரு படி பின்னால் செல்ல வேண்டும் என்பது அவர் வைத்திருந்த விதி.

திருமணமாகாத பெண்களும் தயங்கத் தேவையில்லை. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டு வழியாகவும், வெளிப்புறத்தை மட்டும் பார்த்தும் தொட்டும்கூட ஓரளவு மதிப்பிட முடியும். உள்பரிசோதனை செய்தால் தெளிவாகத் தெரியும் என்பது உண்மைதான்; ஆனால் அது இல்லாமல் சிகிச்சையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதில் 5: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

பெண்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் ஓர் ஆண் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆண்களுக்கும் இதே தசைகள் இருக்கின்றன என்பதை என் வயதுக்காரர்கள் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்காக எனக்கு அந்தச் சுரப்பியை அகற்றினார்கள். அதன் பிறகு சிறுநீர் கசிவது பெரும்பாலோருக்கு ஏற்படுவதுதான் என்று அறுவை மருத்துவரே முன்கூட்டிச் சொல்லி, அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பிவைத்தார். முன்பே கற்றுக்கொண்டதன் அருமை பின்னால்தான் தெரிந்தது. தையலும் குழாயும் வலியுமாக இருக்கும் காலத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளும் நிலையில் மனிதன் இருப்பதில்லை. சிறுநீர் வடிவதற்காக வைத்த குழாய் உள்ளே இருக்கும் வரை பயிற்சி செய்யக் கூடாது. அதை எடுத்த பிறகு மருத்துவர் சொன்னதும் தொடங்க வேண்டும்.

ஆண்களுக்குச் சொல்லும் குறிப்பு வேறு: ஆணுறுப்பின் அடிப்பகுதியை உள்ளே இழுத்து, விதைப்பையை மேலே தூக்குவதைப் போல. ஆள் உயரக் கண்ணாடி முன் நின்று செய்து பார்த்தால் சரியாக வருகிறதா என்று ஓரளவு நமக்கே தெரிந்துவிடும். தேவைப்பட்டால் ஆசனவாய் வழியாக விரலால் பரிசோதிப்பார்கள். எனக்கு அல்ட்ராசவுண்டு திரையிலேயே காட்டிவிட்டார்கள். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் நொடியில்தான் எனக்கு அதிகம் கசிந்தது என்பதால், எழுவதற்கு முன் இறுக்குவதையே தனிப் பாடமாகக் கொடுத்தார்கள். காலையைவிட மாலையில் கசிவு அதிகமாக இருப்பது தசைச் சோர்வினால்தான் என்று அறிந்தது பெரிய ஆறுதல். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு மாலையும் நோய் திரும்பிவிட்டதோ என்று அஞ்சிக்கொண்டிருந்தேன்.

பவானிக்கரைப் பெண்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பிசியோ அவர்களுக்கு இன்னும் சில கேள்விகள். கசிவுக்குப் பயந்து வெளியே செல்லும் நாள்களில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறேன், அது சரியா? எங்கள் வீட்டில் இருப்பது இந்தியக் கழிப்பறை. கருப்பை இறங்கியிருப்பவர்கள் குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். மேலும், முதல் நாள் செல்லும்போது எதை எடுத்துச் செல்வது, குழந்தையைக் கூட்டிச் செல்லலாமா, மாமியாரும் உடன் வருகிறேன் என்கிறாரே, என்ன செய்வது?

பதில் 6: மகளிர்நல பிசியோ, திருச்சி

தண்ணீரைக் குறைக்காதீர்கள் அம்மா, அதுவும் பாலூட்டும் காலத்தில். சிறுநீர் அடர்த்தியானால் பை எரிச்சலடைந்து அவசரம் கூடும், மலமும் இறுகும், மலம் இறுகினால் முக்க வேண்டிவரும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டராவது செல்லட்டும். காபி, தேநீரைக் குறைத்துப் பார்க்கலாம். பகலில் ஆறிலிருந்து எட்டு முறை வரை சிறுநீர் கழிப்பது இயல்பானதுதான்.

குத்துக்காலிட்டு உட்காருவதால் கெடுதல் இல்லை. மலக்குடல் நேராகி மலம் எளிதாக இறங்க அந்த நிலை உதவுகிறது. மேலைக் கழிப்பறை வைத்திருப்பவர்களுக்கு, காலடியில் சிறிய மணைப்பலகை போட்டு முழங்காலை இடுப்புக்கு மேல் உயர்த்திக்கொள்ளும்படி நாங்களே சொல்லிக் கொடுக்கிறோம். கெடுதல் செய்வது முக்குவதும், கைபேசியை வைத்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பதும்தான். உட்காரும்போது யோனியில் ஏதோ பிதுங்கி வருவதைப் போல இருந்தாலோ, கையால் அழுத்தினால்தான் மலம் இறங்குகிறது என்றாலோ, அதை முதல் நாளே மறக்காமல் சொல்லுங்கள்.

பிசியோதெரபிக்காகக் காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகளும் உண்டு. சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிச்சல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீரென்று சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்து போவது, சிறுநீர் கழிக்கவே முடியாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கூடவே காலில் பலவீனம் என்று வந்தால் அது முதுகுத்தண்டு நரம்பு அழுத்தப்படுவதாக இருக்கலாம். அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும்.

பிரசவத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, மகப்பேறு மருத்துவரின் சீட்டு, சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கை, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்கள் ஆகியவை போதும். முடிந்தால் மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பை இப்போதே எழுதத் தொடங்கிவிடுங்கள். ஒரு சந்திப்பு மிச்சமாகும். தளர்வான சுடிதாரோ புடவையோ எது வசதியோ அதை உடுத்துங்கள். மாமியார் தாராளமாக வரட்டும்; கேள்விகள் கேட்கும் நேரத்தில் மட்டும் அவரை வெளியே உட்காரச் சொல்லும்படி பிசியோதெரபிஸ்டிடம் தனியாகச் சொல்லிவிட்டால், அது எங்கள் வழக்கம் என்று அவர் பார்த்துக்கொள்வார். கடைசியில் பயிற்சியை விளக்கும்போது அவரையும் உள்ளே அழைக்கலாம். அப்படி வரும் மாமியார்களில் சிலர், எனக்கும் இருபது வருடமாக இப்படித்தான் இருக்கிறது என்று தணிந்த குரலில் தொடங்குவதுண்டு. அந்த வயதிலும் பயிற்சி பலன் தரும். குழந்தையையும் கூட்டி வரலாம். அவனைத் தரையிலிருந்து எப்படித் தூக்குகிறீர்கள், எந்தப் பக்க இடுப்பில் வைத்துக்கொள்கிறீர்கள் என்பதை நேரிலேயே பார்த்துத் திருத்த முடியும். பரிசோதனை நடக்கும்போது அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் வெளியே மாமியார் இருக்கிறாரே.